கோயிலில் டைல்ஸ் வேண்டாம் சித்தப்பா

‘மலைக்கோயில் வேலை’ குழு
ஞாயிறு

ஏற்காடு அத்தை, 11.20: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்று ஆராதனைக்கு வந்தது பதினான்கு பேர். கிடக்கிற பெஞ்சு இருபத்திரண்டு! கமிட்டியில் பேசிவிட்டோம். வார நாட்களில் கோயிலைத் திறந்து வைத்தால் எஸ்டேட் பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்கலாம், மாதம் ஒரு கண் முகாம் வைக்கலாம். சபை ஐயரும் சரி என்றார். உள்ளே என்ன மாற்றவேண்டும் என்று சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி சித்தப்பா, 11.26: நல்ல காரியம் அக்கா. ஒரே மூச்சில் முடித்துவிடலாம். தரைக்கு டைல்ஸ், கீழ்ச்சுவர் முழுக்க சிமென்ட் பூச்சு, மேலே ஃபால்ஸ் சீலிங். ஐயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையை இடித்து டாய்லெட். நம்ம மேஸ்திரி நாலு வாரத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்.

சூரமங்கலம் பெரியம்மா, 11.40: (குரல் செய்தி, 2.41 நிமிடம்)

தம்பி, 11.52: கேட்க நேரமில்லாதவர்களுக்காக: பெரியம்மாவின் கல்யாணம் 1971-ல் அங்கேதான். இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவர் அம்மா உட்கார்ந்து அழுதார். அதை மண்டபமாக்கினால் இவர் மலை ஏறமாட்டார். மீதி ஒன்றரை நிமிடம் 1971 பிரியாணியைப் பற்றி.

நான், 12.05: சித்தப்பா, டைல்ஸ் வேண்டாம். சிமென்ட் வேண்டவே வேண்டாம். அத்தை, வடக்குச் சுவரின் அடியைக் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். அப்படியே நகத்தால் சுரண்டியும் பாருங்கள்.

ஏற்காடு அத்தை, 12.31: (படம்) அப்பளம் மாதிரி பெயர்கிறது கண்ணு. பின்னால் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. முழங்கால் உயரம் வரை இப்படி. அதற்கு மேலே பழைய பூச்சு ஜம்மென்று இருக்கிறது.

தம்பி, 12.32: நாக்கிலா!

நான், 12.40: முழங்கால் உயரம் வரை இருப்பது பின்னால் வந்தவர்கள் பூசிய சிமென்ட். சுவர் கல்லும் சுண்ணாம்புக் காரையும். மண்ணிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் வெயில் வந்ததும் அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் காய வழி தேடும், கூடவே வந்த உப்பு பூச்சைத் தள்ளும். இடுப்பு உயரத்துக்கு சிமென்ட் பூசினால் ஈரமும் இடுப்புக்கு வரும். டைல்ஸும் அப்படியே. தரையில் விடாததைச் சுவர் வாங்கிக்கொள்ளும்.

அஸ்தம்பட்டி சித்தப்பா, 12.44: முப்பது வருடம் சிமென்டில்தான் கட்டினேன். ஒரு சுவரும் அழவில்லை.

நான், 12.46: நீங்கள் கட்டியதற்கெல்லாம் அடியில் டி.பி.சி., அதாவது ஈரம் ஏறாமல் தடுக்கிற அடுக்கு, போட்டிருப்பீர்களே சித்தப்பா. இதற்கு ஏது?

அஸ்தம்பட்டி சித்தப்பா, 1.15: ம். அது சரிதான்.

தம்பி, 1.17: சுண்ணாம்புக்கு எங்கே போவது? கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் மலை மலையாகக் கிடக்கிறதே?

அஸ்தம்பட்டி சித்தப்பா, 1.19: சேலத்தில் பிறந்து இதுகூடத் தெரியாதா! அது மேக்னசைட்டுடா. இரும்பு உலைக்குள்ளே கட்டுகிற செங்கலுக்குப் போவது. வெள்ளையாக இருந்தால் எல்லாம் சுண்ணாம்பா? சுண்ணாம்புக்கல் சங்ககிரிப் பக்கம். எங்கள் தாத்தா காலத்தில் தொட்டியில் நீற்றி வாரக்கணக்கில் ஊறவிடுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை விட்டு, மாடு இழுக்கும் கல்சக்கரத்தில் மை மாதிரி அரைப்பார்கள். இன்றைக்கு எந்த மேஸ்திரிக்கு அந்தப் பொறுமை?

நான், 1.22: பொறுமைக்காரர் ஒருவரை நீங்கள்தான் பிடித்துத் தரவேண்டும்.

ஏற்காடு அத்தை, 3.05: சரி, பிள்ளைகள் எங்கே உட்காருவது? அதைச் சொல்.

நான், 3.20: நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் என்று ஒரு ஊர். அங்கே 13-ஆம் நூற்றாண்டு டொமினிக்கன் துறவிகளின் கோயில் ஒன்று இப்போது புத்தகக்கடை. இடையில் கொஞ்ச காலம் சைக்கிள் நிறுத்துகிற இடமாகவும் கிடந்தது. உள்ளே மாடி மாடியாக இரும்பு அலமாரி எழுப்பியிருக்கிறார்கள், ஆனால் அது பழைய சுவரில் சாயாமல் தன் காலிலேயே நிற்கிறது. நாளைக்குக் கழற்றி எடுத்தால் கோயில் கோயிலாகவே இருக்கும். பலிபீடப் பக்கம் காபிக் கடை.

சூரமங்கலம் பெரியம்மா, 3.24: பலிபீடத்தில் காபியா? இயேசு சாட்டை எடுத்தது எதற்கு என்று அந்த ஊரில் யாரும் படிக்கவில்லையா?

நான், 3.27: காபி நமக்கு வேண்டாம் பெரியம்மா. அந்தத் தொடாமல் நிற்கிற புத்தி மட்டும் போதும். முன்பக்கம் பத்து பெஞ்சு அப்படியே இருக்கட்டும், உங்களுடைய மூன்றாவது உட்பட. பின்னால் உள்ளதைத் திருப்பிப் போட்டு நடுவில் மடக்கு மேசை. பலிபீடத்துக்கு முன் திரை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் தூக்கி வைக்கிற மரச்சாய்வு, சிமென்டில் கட்டியது அல்ல. ஃபேன் வேண்டுமென்றால் உத்தரத்தைத் துளைக்காமல் சுற்றிக் கிளாம்ப் போடச் சொல்லுங்கள். டாய்லெட் தனியாக, சரிவின் கீழ்ப்பக்கம்.

அஸ்தம்பட்டி சித்தப்பா, 3.35: சேலம் கிறைஸ்ட் சர்ச்சுக்கு இவ்வளவு பார்த்தால் நியாயம். மெட்ராஸ் செனட் ஹவுஸைக் கட்டின சிஷோம் வரைந்தது. நம்மது யார் கட்டியது என்றே தெரியாத கோயில்.

நான், 3.37: யார் கட்டியது என்று சுண்ணாம்புக்குத் தெரியாது சித்தப்பா.

ஏற்காடு அத்தை, 3.50: நடுப்பாதையில் ஒரு கல் பதித்திருக்கிறதே, ஏதோ காபித் தோட்டத்துரையின் குழந்தைக்கு. எழுத்தெல்லாம் தேய்ந்து ‘ஏழு மாதம்’ என்பது மட்டும் இங்கிலீஷில் தெரியும். டைல்ஸ் போட்டிருந்தால் அதுவும் அடியில் போயிருக்கும். நான் வாரா வாரம் அதை மிதிக்காமல்தான் நடப்பேன்.

அஸ்தம்பட்டி சித்தப்பா, 3.58: சரி, டைல்ஸை விடுங்கள்.

நான், 4.02: அத்தை, கடைசியாக ஒன்று. சுவரோரம் பேவர் பிளாக் பதித்து முற்றத்தை உயர்த்தினார்கள் அல்லவா, அதற்கு முன் சுவரின் அடியில் காற்று ஓட்டை ஏதாவது இருந்ததா? வெஸ்ட்ரியின் பலகைத் தரை ஏன் உளுக்கிறது என்று யோசிக்கிறேன். மழைத் தண்ணீர் வழிய வழி பண்ணாமல், அடியில் காற்றும் ஓடவிடாமல் சுவரைத் தொட்டால் பூச்சுக்கூலி வீண்.

ஏற்காடு அத்தை, 4.10: இருந்த ஞாபகம். சனிக்கிழமை ஆள் வைத்துப் பார்க்கிறேன்.

சனி

ஏற்காடு அத்தை, 10.15: (படம்) நாலு பிளாக்கைத் தூக்கினோம். ஒரு ஜாண் அகலத்தில் ஓட்டை, குறுக்கே மூன்று இரும்புக் கம்பி. உள்ளே ஒரு தேரை உட்கார்ந்து எங்களை முறைத்தது. கையை வைத்தால் ஜில்லென்று காற்று, கூடவே பழைய பாட்டுப்புத்தகத்தைத் திறந்த மாதிரி ஒரு வாசனை.

அஸ்தம்பட்டி சித்தப்பா, 10.16: எத்தனை ஓட்டை?

ஏற்காடு அத்தை, 10.18: இதுவரை மூன்று. கிழக்குப் பக்கம் இன்னும் தூக்கவில்லை.

அஸ்தம்பட்டி சித்தப்பா, 10.18: தூக்காதே அக்கா. நான் வந்த பிறகு தூக்கலாம். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் அடிக்கல் உடைந்துவிடும். இப்போதே கிளம்புகிறேன்.

சூரமங்கலம் பெரியம்மா, 10.21: அஸ்தம்பட்டித் தம்பி, வண்டியை இந்தப் பக்கம் விட்டு என்னையும் ஏற்றிக்கொள். பெஞ்சுகளை நகர்த்துவதற்குள் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.