பென்ஸ் வண்டி: அவரவர் நேரில் பார்த்தது

சங்ககிரிக்காரன்

பென்ஸ்னாலே மந்திரி, சினிமாக்காரர், மாப்பிள்ளை ஊர்வலம்னுதான் பேச்சு போகுது. எங்க ஊர்ல அப்படி இல்லீங்க. நான் விவரம் தெரிஞ்சு பார்த்த பென்ஸ் எல்லாம் சிமெண்ட் மூட்டை ஏத்திட்டுப் போன லாரிங்கதான். எங்கப்பா அதுல கிளீனரா ஏறி, டிரைவரா இறங்கினவர்.

1954ல டாடாவோட டெல்கோ கம்பெனி ஜெர்மனி டைம்லர்-பென்ஸோட ஒப்பந்தம் போட்டு ஜம்ஷெட்பூர்ல லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. முன்னாடி கிரில்லுல அந்த மூணு முனை நட்சத்திரம் இருக்கும். பதினஞ்சு வருஷ ஒப்பந்தம் 1969ல முடிஞ்சதும் நட்சத்திரத்தைக் கழட்டிட்டு டாடாவோட 'டி' எழுத்தை வெச்சாங்க. எங்க பக்கத்து ஆளுங்க அதையெல்லாம் கண்டுக்கவே இல்லை. அப்புறமும் ரொம்ப காலம் "லேலண்டா, பென்ஸா"ன்னுதான் டீக்கடையில சண்டை. அதுல நியாயமும் உண்டு. ஜெர்மன்காரன் ஓஎம் 352ன்னு பேர் வெச்ச 5,675 சி.சி. ஆறு சிலிண்டர் எஞ்சின் வம்சம்தான் நம்ம ரோட்டுல டாடா 697ன்னு ஓடுனது.

அப்பா அடிக்கடி சொல்றது 'ஏர் எடுக்கற' வேலை. டேங்க் வத்தி வண்டி நின்னுட்டா டீசல் ஊத்தினா மட்டும் கிளம்பாது. லைன்ல காத்து புகுந்திருக்கும். டீசலை எஞ்சினுக்குத் தள்ளற மைக்கோ பம்புல இருக்கிற ஸ்குரூவைக் கொஞ்சம் லூஸ் பண்ணிட்டு, கைப்பம்பை அடிச்சுக்கிட்டே இருக்கணும். மொதல்ல நுரை நுரையா வரும். நுரை நின்னு டீசல் சீரா வழியறப்போ, அடிக்கிறதை நிறுத்தாமயே ஸ்குரூவை முடுக்கணும். நடுராத்திரி தொப்பூர் கணவாயில, டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு கிளீனர் பையன் செய்யற வேலை இது. அதைச் சரியா செஞ்சுட்டா வண்டி ஒரே செல்ஃப்ல புடிச்சுக்கும்னு அப்பாவுக்கு இன்னைக்கும் பெருமை.

அதான் கேக்கறேன். இந்த நல்ல பேரை பென்ஸ் கம்பெனி எங்க சம்பாதிச்சுது? பார்த்தவங்க, ஓட்டுனவங்க, வேலை பார்த்தவங்க எழுதுங்க. ஷோரூம் விளம்பரம் பேசறது வேண்டாங்க.

வடமராட்சியான்

தம்பி, நல்ல கேள்வி. நான் எண்பதுகளில ஜேர்மனிக்கு வந்தனான். கன காலம் ஸ்ருட்காட்டில ரக்சி ஓடினனான். இஞ்ச பென்ஸ் எண்டால் முதலாளிமாரின்ர கார் மட்டுமில்லை. ஸ்ரேசனில இறங்கி வெளியில வந்தால் வரிசையா நிக்கிற ரக்சி முழுக்க அதுதான். நான் வந்த புதுசில அதைப் பாத்துத் திகைச்சுப் போனன். ஊரில பென்ஸ் வைச்சிருந்தவனை நாங்கள் எட்ட நிண்டு பாத்த ஆக்கள். இஞ்ச அகதிக் காட்டோட வந்தவன் அதின்ர பின் சீற்றில ஏறிப் போறான்.

நான் ஓடினது 200 டி, டபிள்யூ 123 எண்ட வகை. 1976 துவக்கம் 1985 மட்டும் செய்தவை, கிட்டத்தட்ட 27 இலட்சம் வண்டி. அறுபது குதிரைவலுதான். ஸ்ருட்காட் கிண்ணம் போல கிடக்கிற நகரம், எந்தப் பக்கம் போனாலும் ஏத்தம். நாலு பேரை ஏத்திக்கொண்டு டேகர்லோகுக்கு ஏறேக்க பின்னால வாறவன் ஹோர்ன் அடிப்பான். அடிக்கட்டும் எண்டு விட்டிட வேண்டியதுதான். மாரி காலத்தில சாவியைத் திருப்பிப்போட்டு, சூடாக்கிற லைற் அணையுமட்டும் பொறுத்திருக்கோணும். அவசரப்பட்டால் ஸ்ராட் வராது. ஆனால் நிண்டு போய் நடுரோட்டில கிடந்த நாள் எனக்கு ஞாபகத்தில இல்லை. சீற்றுக்கு ஒரு வகைப் பிளாஸ்ரிக் தோல் போட்டிருப்பினம். சனிக்கிழமை இரவு குடிச்சுப்போட்டு ஏறினவன் சத்தி எடுத்தாலும் துடைச்சுப்போட்டு அடுத்த ஓட்டத்துக்குப் போகலாம். ரக்சிக்காரனுக்கு வேற என்ன வேணும்?

இது என்ர காலத்தில துவங்கின பழக்கமும் இல்லை. 1936 இல அவை டீசல் போட்ட பயணிகள் காரை, 260 டி எண்டு, விற்பனைக்கு விட்டினம். முதல் வண்டியள் கூடுதலாப் போனது ரக்சிக்காரரிட்டத்தான். டீசல் மலிவு, மோட்டர் கன நாள் உழைக்கும், கணக்கு அவ்வளவுதான்.

ரக்சியின்ர அந்த யானைத்தந்த நிறம் 1971 இல சட்டமா வந்தது. பிறகு கன பேர் வேற நிறத்தில கார் வாங்கி, மேல ஸ்ரிக்கர் ஒட்டி ஓடினவை. விக்கேக்க உரிச்சுப்போட்டால் நல்ல விலை போகும். எங்கட மாநிலத்தில இப்ப அந்த நிற விதியும் தளர்ந்து போச்சு.

ஓடித் தேய்ஞ்ச பழைய ரக்சியள் எங்க போறது எண்டு நினைக்கிறியள்? மொறோக்கோவில அந்த 240 டி மொடல் எத்தினையோ வருசம் ஊருக்கு ஊர் சனத்தை ஏத்தி இறக்கினது. கிரேக்க நாட்டு ரக்சிக்காரர் ஒராள் 1976 ஆம் ஆண்டு 240 டி ஒண்டை 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடிப்போட்டு, 2004 இல கொம்பனியிட்டையே குடுத்தவர். அதை அவை மியூசியத்துக்கு எடுத்து வைச்சிருக்கினம். மோட்டரை மாத்தி மாத்தி ஓடினவர் எண்டதையும் சொல்லோணும், சும்மா புளுகக் கூடாது.

நெக்கார்க் கரை

அண்ணா சொன்ன ஸ்டுட்கார்டில்தான் நானும் இருக்கிறேன். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் பென்ஸ் மியூசியத்துக்குக் கூட்டிப் போவது என் தலையில் எழுதியிருக்கிறது.

2006ல் திறந்த கட்டடம். லிஃப்டில் நேராக உச்சி மாடிக்கு ஏற்றிவிடுவார்கள், சுற்றிச் சுற்றி இறங்கி வரவேண்டும். கதவு திறந்ததும் எதிரில் நிற்பது காரல்ல, பாடம் செய்த வெள்ளைக் குதிரை. மோட்டார் வண்டி வந்து போகும் மோகம், தான் குதிரையைத்தான் நம்புவதாக ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம் சொன்னதாக ஒரு வாசகமும் கூடவே இருக்கும். தங்களைப் பற்றித் தாங்களே சிரித்துக்கொள்ளும் ஜெர்மானியர்களை அபூர்வமாகத்தான் பார்க்கலாம், அதனால் எனக்கு அந்தக் குதிரையைப் பிடிக்கும்.

அடுத்து கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டி. 1886 ஜனவரி 29ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, முக்கால் குதிரைசக்தி. இங்கே இருப்பது நகல், அசல் மியூனிக்கில் டாய்ச்சஸ் மியூசியத்தில். அதே வருடங்களில் கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் தனியாக ஒரு மோட்டார் வண்டி செய்துகொண்டிருந்தார்கள். இரண்டும் போட்டிக் கம்பெனிகள். முதல் உலகப்போருக்குப் பிறகு பணவீக்கம் கழுத்தை நெரித்தபோதுதான் நெருங்கி வந்து, 1926ல் ஒன்றாயின. நடுவில் எமில் யெலினெக் என்ற வியாபாரி, மொத்தமாக வண்டி வாங்குவதற்குப் போட்ட நிபந்தனைகளோடு தன் மகளின் பெயரையும் சேர்த்து ஒட்டிவிட்டார். மெர்சிடிஸ் வந்தது அப்படி. நட்சத்திரம் 1909ல் பதிவானது. தரை, நீர், வானம் மூன்றுக்கும் எஞ்சின் செய்யும் ஆசை.

ஆனால் நீங்கள் கேட்ட பெயரைச் சம்பாதித்தது யார் என்றால், நான் பெர்த்தா பென்ஸைத்தான் சொல்வேன். கல்யாணத்துக்கு முன்பே சீதனப் பணத்தைக் கார்லின் பட்டறையில் போட்டவர். வண்டி செய்தாகிவிட்டது, வாங்க ஆளில்லை, மனுஷன் இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறார். 1888 ஆகஸ்டில் ஒரு காலை அவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, தன் தாய்வீட்டுக்குக் கிளப்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எரிபொருள் குழாய் அடைத்ததைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். வயரின் மேலுறை தேய்ந்த இடத்தில் காலுறைப் பட்டியைச் சுற்றினார். மரப் பிரேக் தேய்ந்ததும் வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்துத் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். ஏற்றத்தில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் லிக்ராயின் என்ற கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். அந்தக் கடையை உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் ஊரார் காட்டுகிறார்கள். சாயங்காலம் வந்து சேர்ந்ததும்தான் கணவருக்குத் தந்தி. திரும்பி வந்து, ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். உலகின் முதல் நெடுந்தூர டெஸ்ட் டிரைவே அந்தம்மாவுடையது.

அந்தப் பாதைக்கு இப்போது பலகை நட்டு வழி காட்டியிருக்கிறார்கள். நாங்கள் குடும்பத்தோடு போனோம். வழியெல்லாம் திராட்சைத் தோட்டம், அஸ்பாரகஸ் வயல். குழந்தைகள் மருந்துக்கடை வாசலில் உள்ள சிலையைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்டார்கள்.

சந்தேகப் பிராணி

ஆரத்தி தட்டைக் கொஞ்சம் கீழே வையுங்கள். மியூசியத்தில் இறங்கி வரும்போது 1933க்கும் 1945க்கும் நடுவில் எத்தனை நிமிஷம் நின்றீர்கள்?

1944ல் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வெளிநாடுகளிலிருந்து இழுத்து வரப்பட்டவர்கள், போர்க்கைதிகள், சித்திரவதை முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஹிட்லர் நின்றபடி கையசைத்துப் போன பெரிய 770 காரும் இந்தக் கம்பெனி செய்ததே. இதைக் கம்பெனியே ஆய்வாளர்களை வைத்து எழுத 1980கள் ஆனது.

தரம் பற்றியும் ஒரு வார்த்தை. 1997 அக்டோபரில் சுவீடனில் ஒரு பத்திரிகைக்காரர் புத்தம்புது ஏ-கிளாஸைக் காட்டுமான் குறுக்கே வந்தால் ஒடிப்பது போல ஒடித்தார், வண்டி கவிழ்ந்தது. கிழக்கு ஜெர்மனியின் பழைய டிராபண்ட் அதே சோதனையில் கவிழாமல் போனதை வைத்து ஊரே சிரித்தது. அந்தக் காலத்து இ-கிளாஸ், டபிள்யூ 210, கதவோரம் துருப்பிடித்ததை ஜெர்மன் டாக்சிக்காரர்களே சொல்வார்கள். 2005ல் பிரேக், மின்சாரக் கோளாறுகளுக்காக 13 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். டீசல் புகை விவகாரத்தில் 2019ல் ஸ்டுட்கார்ட் அரசு வழக்கறிஞர் அலுவலகம் போட்ட அபராதம் 87 கோடி யூரோ. எந்த டீசலால் பெயர் வாங்கினார்களோ அந்த டீசலாலேயே.

வடமராட்சியான்

நீங்கள் சொன்னது சரி. 210ஐ நானும் வைச்சிருந்தனான், சக்கரத்துக்கு மேல உள்ள மடிப்பில கொப்பளம் போட்டு வரும். ரக்சி ஸ்ராண்டில அதுதான் கதை. இருபது வருசம் நிறம் மாறாமல் நிண்ட பழைய 123ஐக் காட்டிக் காட்டிக் கிழவன்மார் திட்டுவினம். ஆனால் ஏ-கிளாஸ் கதையை அரைவாசியில விட்டிட்டியள். கவிண்ட பிறகு விற்பனையை நிப்பாட்டி, வித்ததையும் திருப்பி எடுத்து, வண்டி சறுக்கேக்க தானாப் பிரேக் பிடிச்சு நேராக்கிற ஈஎஸ்பியை எல்லா ஏ-கிளாஸிலயும் போட்டவை. அதுவரைக்கும் விலை கூடின காரில மட்டும் இருந்த சாமான். சின்னக் காருக்கு வந்தது அந்த வெக்கக்கேட்டாலதான். 2014 இல ஐரோப்பாவில எல்லாப் புதுக் காருக்கும் அது கட்டாயம்.

யுத்த காலக் கதைக்கு நான் மறுமொழி சொல்ல மாட்டன். அது அப்பிடித்தான் நடந்தது.

ஸ்பேனர் பதிமூணு

கோயம்புத்தூர்ல பட்டறை வெச்சிருக்கேன். மல்டிபிராண்டு, ஜெர்மன் வண்டிங்க நெறைய வரும்.

அந்த 210க்கு முந்தின மாடல் டபிள்யூ 124 பத்தி யாருமே எழுதலையே. பூனாவுல 1995ல இருந்து அசெம்பிள் பண்ணி வித்தாங்க. ஜெர்மனியில அடுத்த மாடல் வர்ற நேரத்துல பழசை நம்ம தலையில கட்டறாங்கன்னு அப்போ பேச்சு. கட்டினது நல்லதாப் போச்சுன்னு சொல்லுவேன். அந்த வண்டியோட பானெட்டை ரெண்டாவது லாக்கு வரைக்கும் தூக்கினா செங்குத்தா நிக்கும். மெக்கானிக் முதுகு குனியாம எஞ்சினுக்கு முன்னாடி நின்னு வேலை பார்க்கலாம். நம்ம முதுகை யோசிச்சு ஒருத்தன் டிராயிங் போட்டிருக்கான்! வைப்பர் ஒண்ணே ஒண்ணுதான், ஆனா மூலைக்குப் போறப்ப நீண்டு, நடுவுல சுருங்கும். கழட்டிப் பார்த்தா உள்ள பல்சக்கர வேலைப்பாடு. இப்போ வர்ற வண்டியில கவரைக் கழட்டவே அரை மணி நேரம், அப்புறம் லேப்டாப் மாட்டணும்.

"இவ்ளோ விலை குடுத்து வாங்கினது, லேசா மோதினதுக்கே முன்பக்கம் நசுங்கிருச்சே"ன்னு கஸ்டமர் சண்டைக்கு வருவாங்க. நசுங்கணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்காங்க சார். பேலா பாரெனின்னு அவங்க இன்ஜினியர் 1950கள் ஆரம்பத்துலயே அதுக்குப் பேடண்ட் வாங்கினார். முன்னும் பின்னும் மடங்கி அடியை வாங்கிக்கும், நடுவுல ஆள் உட்கார்ற கூடு நிக்கும். 1959ல வால்துடுப்பு வெச்ச மாடல்ல அதைக் கொண்டுவந்தாங்க. இன்னைக்கு ஆல்டோவுலயும் அதே தத்துவம்தான்.

ஒரகடம் ஷிப்டு

சங்ககிரி அண்ணே, அப்பாகிட்ட சொல்லுங்க, லாரி திரும்ப வந்தாச்சு. 2012ல இருந்து ஒரகடத்துல பாரத்பென்ஸ் போடறோம். கிரில்லுல நட்சத்திரம் கிடையாது, தனி லோகோ. 2021 கடைசியில லாரி கம்பெனியும் கார் கம்பெனியும் ஜெர்மனியிலேயே பாகம் பிரிச்சுக்கிட்டாங்க, இப்போ நாங்க டைம்லர் டிரக் பக்கம்.

சங்ககிரிக்காரன்

அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேங்க. அந்தம்மா குழாய் அடைப்பை ஊசியில குத்தினதைக் கேட்டதும், "அதுவும் கிளீனர் வேலைதான"ன்னாரு. பாரத்பென்ஸுல ஏசி இருக்குன்னு தெரிஞ்சதும் மட்டும் மூஞ்சி மாறிடுச்சு, டிரைவர் தூங்கிருவானாம்.

தங்கச்சி மாப்பிள்ளை பிராங்ஃபர்ட்ல இருக்காப்ல. மே மாசம் அப்பாவைக் கூட்டிட்டுப் போறோம். ஒரு நாள்தான் கிடைக்கும்போல. மியூசியமா, அந்தம்மா போன ரோடா?

நெக்கார்க் கரை

அப்பாவுக்கு மியூசியம்தான். வேன், லாரி, பஸ் எல்லாம் நிற்கும் தளத்தில் நேரம் வையுங்கள். அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த பழைய பியூனஸ் அயர்ஸ் டவுன்பஸ்ஸையும் வைத்திருக்கிறார்கள், அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பிராங்ஃபர்ட்டிலிருந்து ஐசிஇ ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஸ்டுட்கார்டில் எஸ்1 ஏறி நெக்கார்பார்க்கில் இறங்கி நடக்கலாம். முட்டி வலி இருந்தால் முன்பே சொல்லுங்கள், நடுவிலும் லிஃப்ட் உண்டு. காரில் வருவதானால் வீஸ்லோக் வழியில்தான், மருந்துக்கடை வாசலில் இறக்கிக் காட்டிவிடலாம். திங்கட்கிழமை மட்டும் வந்துவிடாதீர்கள், மியூசியம் பூட்டியிருக்கும்.