ஒரு சந்துக்கே ஒரே வாரத்தில் திதி

வியட்நாம் போய் வந்தவர்கள் பெரும்பாலும் போர்க்காலத்தில் கெரில்லாக்கள் பதுங்கிய கூ சி சுரங்கத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். நானும் அதற்குள் ஊர்ந்து பார்த்தேன். ஆனால் இன்றுவரை மனதை விட்டுப் போகாதது, ஹுவே நகரத்தில் நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டிதான்.

2019 பிப்ரவரி. டெட் புத்தாண்டு பிறந்து ஆறாவது நாள். காலையில் வெளியே வந்தால் சந்தில் வீட்டுக்கு வீடு ஊதுபத்தி வாசம், மேசை போட்டுப் படையல். புத்தாண்டுச் சடங்கு என்றுதான் நினைத்தேன். பாட்டியின் பேத்திதான் ஆங்கிலத்தில் விளக்கினாள். "இன்றைக்குப் பாட்டியுடைய அப்பாவுக்குத் திதி. எதிர் வீட்டிலும் இன்றைக்குத்தான். மூலை வீட்டில் நாளை மறுநாள்."

சட்டென்று புரியவில்லை. 1968 என்று அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது.

அந்த வருடம் டெட் பண்டிகைக்காகப் போர்நிறுத்தம் அறிவித்திருந்தார்கள். அமெரிக்க ஆதரவோடு போரிட்ட தென் வியட்நாம் சிப்பாய்களில் ஏராளமானோர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து தெற்கின் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங்கும் வட வியட்நாம் படையும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களைத் தாக்கின. கிட்டத்தட்ட 80,000 பேர். காட்டிலும் வயல்வெளியிலும் நடந்துகொண்டிருந்த போர் ஒரே இரவில் நகரத் தெருக்களுக்குள் வந்துவிட்டது. சைகோனில் அமெரிக்கத் தூதரகச் சுவரைத் தகர்த்து 19 பேர் உள்ளே புகுந்தார்கள்.

இதில் பஞ்சாங்கக் குழப்பம் வேறு. நமக்கு வாக்கியமும் திருக்கணிதமும் சில சமயம் ஒரு நாள் வித்தியாசம் காட்டுமே, அதுபோல. வடக்கு 1967-இல் நாட்காட்டியை மாற்றியதால் அங்கே புத்தாண்டு ஜனவரி 29-ஆம் தேதியே பிறந்தது, தெற்கில் 30. தா நாங், ஞா சாங் போன்ற ஊர்களில் 30 அதிகாலையே தாக்குதல் ஆரம்பித்தது, சைகோனிலும் ஹுவேயிலும் 31. சில படைப்பிரிவுகள் ஒரு நாள் முந்தியதற்கு இந்தக் குழப்பமும் காரணம் என்கிறார்கள். அந்த ஒரு நாள் எச்சரிக்கை கிடைத்தும் பெரும்பாலான இடங்களில் தயாராக இல்லை.

பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரவில் சத்தம் கேட்டதும் தம்பி பட்டாசு என்று குதித்தானாம். அப்பா மட்டும் எழுந்து விளக்கை அணைத்திருக்கிறார். விடிந்து பார்த்தால் கோட்டைக் கொடிமரத்தில் வேறு கொடி. அது இறங்க இருபத்தைந்து நாள் ஆனது. அதற்குள் தெருத் தெருவாகச் சண்டை, குண்டுவீச்சு. நகரத்தின் பெரும்பகுதி இடிந்து போயிற்று. கோட்டைச் சுவர்களில் குண்டு பட்ட தழும்புகளை நானே தடவிப் பார்த்தேன். வியட்காங் பிடித்துப் போனவர்களின் கதை இன்னும் கொடியது. பின்னாளில் தோண்டிய புதைகுழிகளில் ஏறக்குறைய 2,800 உடல்கள் கிடைத்தன.

புத்தாண்டின் ஆறாம் நாள் அரிசி தீர்ந்துவிட்டது. பாட்டியின் அப்பாவும் எதிர் வீட்டுக்காரரும் சேர்ந்து அரிசி தேடிப் போனார்கள். இருவரும் திரும்பவே இல்லை. உடல் கிடைக்கவில்லை, இறந்த நாளும் தெரியாது. அதனால் வீட்டை விட்டுக் கிளம்பிய நாளையே திதியாக வைத்துக்கொண்டார்கள்.

இந்தத் தாக்குதலை நான் அதுவரை உத்தியாக மட்டுமே பார்த்து வியந்தவன். 1789-இல் குவாங் சுங் மன்னர் இதே டெட் பண்டிகைக் காலத்தில் சீனப் படையைத் திடீரென்று அடித்து ஹனோயை மீட்டதையும், 1968-இல் எதிர்பார்த்த மக்கள் எழுச்சி வராமல் வியட்காங் பெரிய இழப்பைச் சந்தித்தும் அமெரிக்காவின் நம்பிக்கை உடைந்து, மார்ச் 31 அன்று அதிபர் ஜான்சன் மறுபடி போட்டியிடவில்லை என்று அறிவித்ததையும் ஆர்வமாகப் பேசியிருக்கிறேன். ஊரே பண்டிகையில் இருக்கும் என்பதால்தான் அந்தத் திட்டம் பலித்தது. அதே காரணத்தால்தான் எங்கெங்கோ வேலை பார்த்தவர்களெல்லாம் அன்றைக்கு வந்து சொந்த வீட்டில் இருந்தார்கள். இது எனக்கு அந்தச் சந்தில் நிற்கும்போதுதான் தோன்றியது.

ஒரு தப்பு செய்தேன். "அப்பா எந்தப் பக்கத்துக் குண்டில் இறந்திருப்பார்?" என்று கேட்டுவிட்டேன். பேத்தி மொழிபெயர்க்கத் தயங்கினாள், ஆனாலும் சொன்னாள். பாட்டி பதில் சொல்லவில்லை. என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். கேட்டிருக்கவே கூடாது.

படையல் முடிந்ததும் எனக்கும் சோறு போட்டார்கள். பாட்டி மட்டும் உட்காராமல் ஒரு சின்னத் தட்டில் கஞ்சியும் உப்பும் அரிசியும் எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்தார். அது யாருக்கு என்று கேட்டேன்.

"செய்ய ஆளில்லாமல் போனவர்களுக்கு" என்றாள் பேத்தி. எதிர் வீட்டு வாசலிலும் அப்படி ஒரு தட்டு இருந்தது.