கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் பெடல் உள்ளே போனது, வண்டி ஆறியதும் சரியானது: என்ன காரணம்?

கேட்டவர்:
வணக்கம். போன வாரம் குடும்பத்தோட கொல்லிமலை போயிட்டு காரவள்ளி வழியா இறங்கினோம். 70 கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் இறங்கினதுக்கு அப்புறம் பெடல் மெத்துமெத்துன்னு ஆகி, கிட்டத்தட்ட தரை வரைக்கும் போச்சு. விட்டு விட்டு அழுத்தினதும் கொஞ்சம் பிடிச்சது. ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்துப் போட்டு ஓரங்கட்டிட்டேன். அரை மணி நேரம் நின்னதும் பெடல் பழையபடி ஆயிடுச்சு. ஊருக்குள்ள ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைப் பார்த்துட்டு, "பிரேக் பேட் இருக்கு, ஆயிலும் அளவு இருக்கு, பயப்படாதீங்க"ன்னு அனுப்பிட்டாங்க. பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்னால டிஸ்க், பின்னால டிரம். பிள்ளைகளை ஏத்திட்டுப் போகவே மனசு வரலை.

பதில் 1:
மனசு வராதது சரிதான் சார். காரணம் தெரியும் வரை வண்டியை எடுக்காதீங்க. ரெண்டு விஷயம் சொல்லுங்க. பிடிக்காதப்போ பெடல் மெத்துன்னு இருந்ததா, கல்லு மாதிரி கெட்டியா இருந்ததா? பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினது?

கேட்டவர்:
மெத்துன்னுதான் சார். முன்சக்கரத்துப் பக்கம் கருகின வாடையும் வந்தது. 3-வது கியரில் இறங்கினேன். வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, சர்வீஸ் புக்கில் ஆயில் மாத்தினதா ஒரு பதிவும் இல்லை.

பதில் 1:
அப்போ ஆயில் கொதிச்சிருக்கு. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3, டாட் 4-ங்கிறது பிரேக் ஆயிலோட தர வகை. புது டாட் 3 ஆயில் குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்த வரம்பு 140-க்கு இறங்கிடும். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. தொடர் இறக்கத்தில் டிஸ்க் சூடு காலிப்பர் (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) வழியா ஆயிலுக்குப் போய் ஆவிக்குமிழி உண்டாகுது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்க மிதிச்ச அழுத்தம் குமிழியை அமுக்கவே செலவாயிடும். ஆறினதும் குமிழி மறுபடி திரவமாயிடும், அதனாலதான் ஒர்க்‌ஷாப்பில் ஒண்ணும் தெரியலை. டேங்கில் அளவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா அது வேற. பேட் அதிகமா சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கும், இல்லன்னா பூஸ்டருக்கு (மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பாகம்) இன்ஜினிலிருந்து வேக்குவம் வராம இருக்கும். அதனாலதான் முதல்ல பெடலைப் பத்திக் கேட்டேன்.

பதில் 2:
அண்ணன் சொல்றது பொருந்துது. ஆனா மாஸ்டர் சிலிண்டரையும் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற பாகம்) சந்தேகப்படணும். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் மிதிச்சுப் பிடிங்க. மெதுவா கீழே இறங்கிட்டே போனா, வெளியே எங்கேயும் கசிவும் இல்லைன்னா, உள்ளே சீல் போயிருக்கு. பூஸ்டருக்கு: இன்ஜினை அணைச்சு நாலஞ்சு தடவை மிதிங்க, கெட்டியானதும் காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா கீழே போகணும்.

அந்தக் கருகின வாடை எந்தப் பக்கம்? ஒரு பக்கம் மட்டும்னா காலிப்பர் ஸ்லைடு பின் (காலிப்பர் நகர்ந்து கொடுக்கிற கம்பி) இறுகி, பேட் எப்பவும் டிஸ்கை உரசிட்டே இருக்கலாம். வெறும் ஆயிலை மாத்தினா அது தீராது.

பதில் 3:
ஆயில் வாங்கும்போது ஒரு கவனம். பிரேக் ஆயில் டேங்க் மூடியில் என்ன போட்டிருக்கோ அதையே வாங்குங்க. "நம்பர் பெருசு, நல்லது"ன்னு டாட் 5 கொடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க. அது சிலிகான், மத்ததோட கலக்கக் கூடாது. டாட் 5.1 வேற வகை. சீல் உடைக்காத டப்பாவா பாருங்க. பெயின்டில் சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவணும், விட்டா உரிச்சிடும்.

கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. வேற ஒர்க்‌ஷாப்பில் நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். பழைய ஆயில் கரும்பழுப்பா வந்தது. மாஸ்டர் சிலிண்டர் நல்லா இருக்கு. இடது முன்சக்கரத்தில் ஸ்லைடு பின் இறுகி, உள்பக்கப் பேட் வெளிப்பக்கத்தைவிட நல்லாவே தேஞ்சிருந்தது. பின்னைச் சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சு, முன்னால ரெண்டு பக்கமும் பேட் மாத்தி, நாலு சக்கரத்துப் பிரேக் லைனிலும் ஏர் எடுத்தாங்க. பெடல் இப்போ மேலேயே பிடிக்குது. ஒண்ணு மட்டும் பாக்கி: 80-ல் பிரேக் போட்டா ஸ்டியரிங் ஆடுது.

பதில் 2:
முதல்ல பார்த்த மெக்கானிக் வெளிப்பக்கப் பேடை மட்டும் பார்த்துட்டு விட்டிருப்பார். உள்பக்கம் பார்க்காத சோதனை சோதனையே இல்லை.

பதில் 1:
ஸ்டியரிங் ஆடினா முன் டிஸ்க், சீட்டுக்கு அடியில் மட்டும் அதிர்ந்தா பெரும்பாலும் பின் டிரம். சூடேறின இடது டிஸ்கில் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கலாம். டயல் கேஜ் வச்சு ஆட்டத்தையும், மைக்ரோமீட்டரில் தடிமனையும் பார்க்கச் சொல்லுங்க. குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறிச்சிருக்கும். அதுக்குக் கீழே போகிற மாதிரி இருந்தா லேத்தில் கடைய விடாதீங்க. மாத்தினா ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க, ஒரு பக்கம் மட்டும் புதுசுன்னா வண்டி இழுக்கும்.

இனிமே மலையில் ஏறின கியரிலேயே இறங்குங்க. கொல்லிமலை வளைவுகளுக்கு 2-வது, சில இடத்துல 1-வது. பிரேக் மேல காலை வச்சுக்கிட்டே வராம, அழுத்திக் குறைச்சு விட்டுடுங்க. உங்க வண்டியில் ஹேண்ட் பிரேக் கேபிளில் ஓடுது, ஆயில் கொதிச்சாலும் அது வேலை செய்யும். அன்னைக்கு நீங்க அதைப் போட்டது சரியான முடிவு. டிஸ்க் அளவு வந்ததும் இங்கே போடுங்க, பார்த்துச் சொல்றேன்.