“மசகுத் தவணை” என்னும் சொல்லுக்கு மாற்றாக: பார்வைச் சுற்று, மறுமசகு

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் தொகுத்துவரும் கணினி விசைப்பலகைப் பழுதுபார்ப்புக் கையேட்டில், சுவிட்ச், சுருள்வில், நீண்ட விசைகள் சாயாமல் தாங்கும் நிலைப்படுத்தி ஆகிய உறுப்புகளுக்கு எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மசகு, அதாவது கிரீஸ், இட வேண்டும் என்னும் பகுதிக்கு “மசகுத் தவணை” என்ற தலைப்பு முன்மொழியப்பட்டிருக்கிறது. முன்மொழிந்த ஐயா அவர்கள் செம்பனை ஆலையின் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவர். எந்தப் பட்டறிவிலிருந்து அவர் அச்சொல்லை எடுத்தார் என்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. அதனாலேயே, ஆலைக்குப் பொருந்தும் சொல் விசைப்பலகைக்கு ஏன் பொருந்தாது என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆலையில் ஓடும் பேரிங்குக்குத் தவணை உண்மையாகவே உண்டு. அதன் அளவு, சுழலும் வேகம், சுமை, வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு அடுத்த கிரீஸ் எப்போது என்று கணக்கிடுகிறார்கள். வெப்பநிலை 70 பாகை செல்சியஸைத் தாண்டினால், மேற்படும் ஒவ்வொரு 15 பாகைக்கும் அந்தக் காலத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் பரவலாகக் கைக்கொள்ளும் விதி. தவணை தவறினால் பேரிங் தேய்ந்து, இறுகி, இயந்திரமே நின்றுபோகும். விசைப்பலகையிலோ ஒரு விசையை அழுத்துவதற்கு ஏறத்தாழ 45 முதல் 60 கிராம் எடைக்குரிய அழுத்தமே போதுமானது. வெப்பமும் அறையின் வெப்பம்தான். செர்ரி நிறுவனம் தன் எம்எக்ஸ் சுவிட்சுகள் பலவற்றுக்கு 10 கோடி அழுத்தங்கள் வரை ஆயுள் குறித்திருக்கிறது. பயனர் தம் கையால் கிரீஸ் இட்டால்தான் அந்த ஆயுள் கிடைக்கும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆகவே நாம் மசகு இடுவது உறுப்பைக் காப்பாற்றுவதற்காக அன்று. ஓசை தணியவும், விரலுக்கு உரசல் தெரியாமல் விசை இறங்கவுமே இடுகிறோம். “தவணை” என்று எழுதிவிட்டால், நாள் தவறியதால் பலகை கெட்டுவிடும் என்ற வீண் அச்சத்தைக் கையேடே மாணவரிடம் விதைத்துவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் மசகின் தன்மையிலேயே இருக்கிறது. சுவிட்சுகளுக்குப் பெரிதும் பயன்படும் கிரைட்டாக்ஸ் 205ஜி0 போன்றவை, பெர்ஃபுளோரோபாலிஈதர் என்னும் எண்ணெயில் டெஃப்லான் வகைத் துகளைச் சேர்த்துக் கெட்டியாக்கிய கிரீஸ்கள். அறை வெப்பத்தில் அவை காற்றோடு வினைபுரிந்து கெடுவதில்லை. குறிப்பிடத்தக்க அளவில் ஆவியாவதும் இல்லை. நம்மூர் ஈரப்பதம் அவற்றைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். மாறுவது மசகு இருக்கும் இடமே. சுவிட்சுக்குள் விசையைத் தாங்கி நிற்கும் தண்டு மேலும் கீழும் ஓட ஓட, உரசும் தடத்திலிருந்து மசகு ஓரங்களுக்கு ஒதுங்குகிறது. சன்னல் திறந்த வீடுகளில் தோட்டப் பாதையின் செம்மண் தூசி அதோடு ஒட்டிக்கொள்கிறது. இது நாட்கணக்கைப் பொறுத்தது அன்று, அழுத்தக் கணக்கைப் பொறுத்தது. இடைவெளி விசையும் அதன் நிலைப்படுத்தியும் முதலில் ஓசை மாறும். தமிழ்99 முறையில் எழுதுபவரின் பலகையில் புள்ளிக்குரிய எஃப் விசை, ஆங்கிலம் மட்டும் எழுதுபவரின் பலகையில் உழைப்பதைவிடக் கூடுதலாக உழைக்கிறது. ஒரே பலகையில் இரு விசைகளுக்கு இரு வேறு காலம் இருக்கும்போது, முழுப் பலகைக்கும் ஒரு தவணை எப்படிக் குறிப்பது?

நம் தோட்டங்களில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. செம்பனைக் குலை வெட்டுபவர் பத்து நாளுக்கு ஒருமுறை போல ஒரு பகுதிக்குச் சுற்று வருகிறார். ஆனால் சுற்று வந்துவிட்டது என்பதற்காக எல்லா மரத்திலும் கத்தி வைப்பதில்லை, மரத்தடியில் உதிரிப்பழம் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வெட்டுகிறார். பார்க்க வருவதற்குக் காலம் உண்டு, வெட்டுவதற்கு அடையாளம் உண்டு. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததுதான் “மசகுத் தவணை”யின் குறை என்று கருதுகிறேன். எனவே பார்க்கும் கால இடைவெளிக்குப் “பார்வைச் சுற்று” என்றும், மீண்டும் மசகு இடும் செயலுக்கு “மறுமசகு” என்றும் இரு சொற்களை முன்வைக்கிறேன்.

“மறு” என்னும் முன்னொட்டு தேவையா, “மசகிடல்” என்றாலே போதாதா என்று கேட்கப்பட்டது. தேவை என்றே நினைக்கிறேன். முதன்முறை மசகு இடுவதும் மீண்டும் இடுவதும் ஒரே வேலை அல்ல. தூசி கலந்த பழைய மசகின் மேலேயே புதியதைப் பூசினால் தூசியும் உள்ளேயே தங்கிவிடுகிறது. பழையது சிலிக்கோன் அல்லது கனிம எண்ணெய் வகையாக இருந்தால் மேற்சொன்ன கிரீஸுடன் அது கலக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தூசியையும் விரல் பிசுக்கையும் அகற்றுமே தவிர இந்த கிரீஸைக் கரைக்காது. ஆகவே துணியாலும் தூரிகையாலும் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். மறுமசகு என்பதன் வரையறைக்குள் இந்தத் துடைத்தலும் அடங்க வேண்டும். மேலும், சுவிட்சைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் கூட்டைப் பிடித்திருக்கும் கொக்கிகள் சிறிது தளர்கின்றன. சுவிட்சுகளை ஈயம் வைத்து ஒட்டிய பலகையாக இருந்தால் அந்த ஈயத்தை உருக்கி எடுக்கும் வெப்பமும் மின்தடத்தைப் பாதிக்கக்கூடும். அடிக்கடி செய்வது நன்மை என்ற எண்ணத்தை இச்சொல் தரக் கூடாது.

“மசகு” என்பதற்குப் பதிலாக “உயவு” என எழுதலாம் என்று யாழ்ப்பாண நண்பர் கூறியிருந்தார். இலங்கைச் செய்தித்தாள்களில் “மசகு எண்ணெய்” என்பது நிலத்திலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைக் குறிப்பதால், அவருடைய கவலை நியாயமானது. ஆனால் குழப்பம் “மசகு எண்ணெய்” என்ற தொடரில்தான் எழுகிறது; “மசகு” எனத் தனித்து வரும்போது, மாட்டு வண்டியின் அச்சுக்கு இட்ட கெட்டியான குழைவே நினைவுக்கு வருகிறது. இங்கே நாம் பேசுவதும் அத்தகைய குழைவையே. சுருள்வில்லுக்கு இடும் நீர்த்த எண்ணெயையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் “உயவுப்பொருள்” என்று எழுதலாம். அச்சொல் பாடநூல்களில் ஏற்கெனவே வழங்குகிறது. கடைத்தெருவில் எல்லாரும் கிரீஸ் என்றே சொல்வதால், கையேட்டின் முதற்பக்கத்தில் மசகு, கிரீஸ் இரண்டையும் சேர்த்து எழுதிவிடுவோம்.

கையேட்டில் இடம்பெற வேண்டிய வரையறைகளை இவ்வாறு அமைத்திருக்கிறேன், திருத்தங்களை வரவேற்கிறேன்.

பார்வைச் சுற்று: மசகு இட்ட விசைப்பலகையின் ஓசையையும் தொடுநிலையையும் சோதிக்கும் கால இடைவெளி. நாள்தோறும் எழுதுபவர் நிலைப்படுத்திகளை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சுவிட்சுகளை அப்போது திறக்க வேண்டியதில்லை.

மறுமசகு: நிலைப்படுத்தியின் கம்பி கலகலக்கும் ஓசை, சுருள்வில்லின் கணீர் ஒலி, தண்டின் உரசல் ஆகியவற்றுள் ஒன்று தெளிவாகத் திரும்பிய பின்னர், அந்த உறுப்பிலிருந்து பழைய மசகைத் துடைத்து, புதியதை மெல்லிய படலமாக இடுதல். மின்தொடுதகட்டில் மசகு படக் கூடாது. அழுத்தும்போது விரலுக்குச் சிறு தடங்கல் தெரியும் வகைச் சுவிட்சில், தண்டின் கால்களில் பூசினால் அந்தத் தடங்கலே மழுங்கிவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கும் தெளிப்பு எண்ணெயை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது. அதில் பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான்.

நிலைப்படுத்தியின் உள்ளே இருக்கும் வளைந்த எஃகுக் கம்பிக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. “சமன்கம்பி” என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். ஈரமான இவ்வூரில் துருப்பிடிக்கக்கூடிய உறுப்பு அதுவாகையால், அதற்குத் தனித் தலைப்பு தேவைப்படும். ஐயா அவர்கள் ஆலையில் வழங்கும் சொல் ஏதேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.