ஜூரி நோட்டீஸ் சாதாரண தபாலில் வந்தால் போக வேண்டாமா?

மதுரை_டு_சான்ஹோசே:
அமெரிக்கக் குடியுரிமை பற்றிய திரியில், ஜூரி டியூட்டி (கோர்ட்டில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லச் சாதாரணக் குடிமக்களைக் கூப்பிடுவது) பற்றி டெக்சாஸ்_தங்கம் நேற்று எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஜூரி டியூட்டி நோட்டீஸ் வந்தால் நேராகக் குப்பைக் கூடைதான். சாதாரண தபாலில் வருகிற காகிதம். என் கைக்கு வந்தது என்பதற்கு அவர்களிடம் என்ன ஆதாரம்? வேலை வெட்டி இல்லாதவர்கள் போய் உட்காரட்டும்." இதற்கு லைக் வேறு குவிந்திருக்கிறது. படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தங்கம் சார், குடியுரிமைத் தேர்வுக்கு 100 கேள்விகளை மனப்பாடம் செய்தீர்கள் இல்லையா? குடிமக்களுக்கு மட்டுமே உள்ள ஒரு பொறுப்பைச் சொல்லுங்கள் என்று அதில் ஒரு கேள்வி. அதற்கு இரண்டே பதில்கள்: ஜூரியில் பணியாற்றுவது, மத்தியத் தேர்தலில் வாக்களிப்பது. அதிகாரி முன்னால் உட்கார்ந்து இதை ஒப்பித்துவிட்டு, கையை உயர்த்திப் பிரமாணமும் எடுத்துவிட்டு, பாஸ்போர்ட் வந்ததும் நோட்டீஸைக் குப்பையில் போடுகிறீர்கள்.

டெக்சாஸ்_தங்கம்:
மேடம், பாடம் எடுக்காதீர்கள். நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. பதிவுத் தபாலா? இல்லை. கையெழுத்து வாங்கினார்களா? இல்லை. சாதாரண தபால். பீட்சா கூப்பனோடு சேர்ந்து வருகிறது. இதை வைத்து என்னைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியுமா?

மதுரை_டு_சான்ஹோசே:
முடியும். மத்திய நீதிமன்றங்களுக்கான சட்டத்திலேயே இருக்கிறது: நேரில் கொடுக்கலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம், சாதாரண முதல் வகுப்புத் தபாலிலும் அனுப்பலாம். தகுந்த காரணம் இல்லாமல் போகாவிட்டால் 1,000 டாலர் வரை அபராதம், மூன்று நாள் வரை சிறை. உங்கள் டெக்சாஸிலும் 100 முதல் 1,000 டாலர் வரை அபராதம் போட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. எங்கள் கலிபோர்னியாவில் முதல் முறை 250, அடுத்து 750, அதற்கு மேல் 1,500.

டெக்சாஸ்_தங்கம்:
மத்திய நீதிமன்றச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். எனக்கு வந்தது கவுன்டி (இங்கத்து மாவட்டம்) கோர்ட் நோட்டீஸ். அது சாதாரண தபால். யாரைச் சிறையில் போட்டார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

எழும்பூர்_வக்கீல்:
தபால் விஷயத்தில் தம்பி கேட்பது நியாயம். நம் ஊரில் சம்மனைச் சார்வு செய்ய, அதாவது ஆளிடம் சேர்ப்பிக்க, ஒரு முறை இருக்கிறது. ஆள் நேரில் வருவான். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டுவான். அப்போதுதான் "எனக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது. சாதாரண தபாலில் போட்டுவிட்டுத் தண்டிப்பேன் என்பது சரியான நடைமுறை அல்ல.

மதுரை_டு_சான்ஹோசே:
வக்கீல் சார், எழும்பூர் கோர்ட் நடைமுறையை வைத்து டெக்சாஸ் கவுன்டியை அளக்க வேண்டாம். இங்கே வரி நோட்டீஸ், கார் பதிவு, வாக்குச்சீட்டு எல்லாமே சாதாரண தபாலில்தான் வருகின்றன. வரித்துறை அனுப்பிய ரீஃபண்ட் செக்கும் அப்படித்தான் வந்தது. அதைத் தங்கம் குப்பையில் போட்டாரா? பணம் வந்தால் தபால் கிடைக்கிறது, கடமை வந்தால் தொலைந்துபோகிறதா?

ஜெர்சி_நாயகம்:
இருவருமே அசல் விஷயத்தை விட்டுவிட்டீர்கள். நான் நியூஜெர்சியில் ஜூரிக்குப் போனபோது ஒரு நாளைக்குக் கொடுத்தது 5 டாலர். ஐந்தே ஐந்து! போய்வரும் பெட்ரோலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும்கூட ஆகாது. மக்களின் நேரத்தை இவ்வளவு மட்டமாக மதிக்கிற அரசு, கடமை என்று பேச வெட்கப்பட வேண்டும்.

அப்புறம் மேடம், கடமை பற்றி நீங்கள் பேசுவதைக் கேட்க எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பாத்திரம் கழுவும் முறை வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் சான்ஹோசேயில் இருந்த காலம்தான் அது.

மதுரை_டு_சான்ஹோசே:
நாயகம், அந்த விழாவின் கணக்கை நீங்கள் இன்னும் ஒப்படைக்கவில்லை. அதைப் பேச வேண்டுமானால் தனித் திரி தொடங்குங்கள், நான் வருகிறேன்.

பணம் குறைவு என்பது உண்மை. கலிபோர்னியாவில் 15 டாலர், அதுவும் இரண்டாம் நாளிலிருந்துதான். அது அநியாயம் என்று நானும் சொல்கிறேன். ஆனால் டெக்சாஸ் 2023-ல் ஏற்றிவிட்டது: முதல் நாள் 20, அடுத்த நாளிலிருந்து 58. முன்பு அது 6 டாலரும் 40 டாலரும். மாசசூசெட்ஸில் முதல் மூன்று நாள் சம்பளத்தை முதலாளியே கொடுத்தாக வேண்டும். சட்டம் இப்படி மாறும். குப்பைக் கூடை எதையும் மாற்றாது.

டெக்சாஸ்_தங்கம்:
58 டாலர்! நான் மணிக்கணக்கில் பில் செய்கிற கான்ட்ராக்டர். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் காசு இல்லை. ஒரு வாரம் போகாவிட்டால் கிளையன்ட் வேறு ஆளைப் போட்டுவிடுவான். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது, எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறதே, யாருக்கு? "நிரந்தர ஊழியர்" என்று போட்டிருக்கிறது. நான் நிரந்தர ஊழியன் இல்லை. இரண்டு பிள்ளைகள், வீட்டுக்கடன், ஊரில் அப்பாவின் டயாலிசிஸ் செலவு. பெரிய கம்பெனியில் சம்பளத்தோடு விடுப்பு வாங்கிப் போய் உட்கார்ந்துவிட்டு வந்து உபதேசம் செய்வது சுலபம்.

நோட்டீஸ் சாதாரண தபாலில்தான் வந்தது. அதையும் மறுபடி சொல்கிறேன்.

விசா_வரிசை:
ஒரு சந்தேகம். நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், குடிமகன் இல்லை. எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. போகலாமா?

மதுரை_டு_சான்ஹோசே:
போகக் கூடாது. ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் உங்களுக்கும் வந்திருக்கும். குடிமகன் அல்ல என்ற கட்டத்தில் டிக் செய்து திருப்பி அனுப்புங்கள். ஆனால் பதில் அனுப்பாமல் இருக்காதீர்கள்.

தங்கம் சார், பிள்ளைகள், கடன், அப்பா, எல்லாம் சரி. இதையெல்லாம் அந்த நோட்டீஸிலேயே எழுதி அனுப்ப வழி இருக்கிறது. தேதியைத் தள்ளிப்போடலாம். நீதிபதி முன்னால் நின்று "இத்தனை நாள் வராவிட்டால் என் குடும்பம் தாங்காது" என்று சொல்லலாம். நீண்ட வழக்காக இருந்தால் கஷ்டத்தைக் கேட்பதற்கென்றே தனிப் படிவம் கொடுக்கிறார்கள், பலரை விட்டும்விடுகிறார்கள். நீங்கள் அந்த ஒரு வாக்கியத்தைக்கூட எழுதவில்லை. உங்களுக்குக் கஷ்டம் இருப்பதில் எனக்குக் கோபம் இல்லை. பதிலே போடாமல் இருந்துவிட்டு அதைப் பெருமையாக இங்கே வந்து எழுதினீர்களே, அதில்தான் கோபம்.

இன்னொன்று. போன வருடம் நீங்கள் ஸ்பீடிங் டிக்கெட் பற்றித் திரி போட்டீர்கள். டெக்சாஸில் அதற்குக்கூட ஆறு பேர் கொண்ட ஜூரி கேட்கலாம், கேட்டு ஜெயித்தேன் என்று எழுதினீர்கள். அந்த ஆறு பேரும் வேலை வெட்டி இல்லாதவர்களா? அவர்களில் ஒருவர்கூட மணிக்கூலிக்காரர் இல்லையா? அவர்களுக்கும் நோட்டீஸ் சாதாரண தபாலில்தானே வந்திருக்கும்?

டெக்சாஸ்_தங்கம்:
அது வேறு, இது வேறு. அவர்கள் விருப்பப்பட்டு வந்தார்கள். பழைய திரிகளைத் தோண்டுவதுதான் உங்கள் வேலையா?

சிங்கை_சேகரன்:
இவ்வளவு சண்டையே தேவையில்லை. சிங்கப்பூரில் 1969-ல் சட்டம் போட்டு ஜூரியை ஒழித்தார்கள். மலேசியாவிலும் 1995-லிருந்து கிடையாது. இந்தியாவில் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் ஜூரி 8-1 என்று குற்றமற்றவர் என்றது. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளி ஆயுள் தண்டனை கொடுத்தது, 1961-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. சட்டம் படிக்காத பன்னிரண்டு பேரிடம் ஓர் உயிரைக் கொடுப்பதே தப்பு. தங்கம் போகாமல் இருப்பது நல்லதுதான்.

எழும்பூர்_வக்கீல்:
நானாவதி எதற்கு? பாகவதர் வழக்கை எடுங்கள். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-ல் சென்னையில் ஜூரிதான் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளி என்றது. அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல்தான் விடுதலை. பாகவதரின் திரை வாழ்க்கை அதோடு சரிந்தது. ஜூரி செய்த வேலை அது.

ஜெர்சி_நாயகம்:
அதே ஜூரிதான் கூடவே குற்றம் சாட்டப்பட்ட பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவை விடுதலையும் செய்தது, வக்கீல் சார். வசதியாக விட்டுவிட்டீர்கள். தவறு சாட்சியத்திலா ஜூரியிலா என்று சொல்லுங்கள்.

எழும்பூர்_வக்கீல்:
பாகவதரைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். என் தாத்தா அந்தத் தீர்ப்பு நாளில் கோர்ட் வாசலில் நின்றவர்.

கொழும்புத்துறை:
நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். ஜூரிக்குப் போவதை நீங்கள் எல்லாம் தொந்தரவு என்று கதைக்கிறீர்கள். எங்கள் பக்கத்து அனுபவத்தைக் கேளுங்கோ.

இலங்கைத் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜை 2006 நவம்பர் 10-ம் தேதி கொழும்பில் பட்டப்பகலில் சுட்டார்கள். பத்து வருடம் கழித்து, 2016 டிசம்பரில் வழக்கு முடிந்தது. சிங்களம் பேசும் ஜூரி சபை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் விடுதலை. அதே வருடம் ஜூலையில், தமிழர்கள் கொல்லப்பட்ட குமாரபுரம் படுகொலை வழக்கிலும் அநுராதபுரத்தில் ஜூரி சபை ஆறு இராணுவத்தினரை விடுதலை செய்தது. அந்த ஜூரிப் பெட்டியில் எங்கள் மொழி தெரிந்த ஒருவர் இருந்திருக்க வேண்டாமோ என்று நாங்கள் இன்றைக்கும் கேட்கிறோம். உங்களைக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருக்கச் சொல்கிறார்கள். நீங்கள் தபால் முத்திரையைப் பார்க்கிறீர்கள்.

மதுரை_டு_சான்ஹோசே:
நன்றி அண்ணா. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். இங்கே ஒரு கடுமையான கிரிமினல் வழக்கில் குற்றவாளி என்று சொல்ல ஜூரியில் இருக்கும் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். 2020-ல் லூசியானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதை எல்லா மாநிலங்களுக்கும் உறுதியாக்கியது. அதாவது ஒரே ஒரு ஆள் "எனக்குச் சந்தேகம் இருக்கிறது" என்றால் தண்டனை நின்றுவிடும். அந்த ஒரு ஆள் ஏன் நம்மில் ஒருவராக இருக்கக் கூடாது? உடைந்த ஆங்கிலம் பேசும் ஒரு வந்தேறி குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, அவர் தலையாட்டுவது "ஆமாம்" என்பதற்கா, வெறும் மரியாதைக்கா என்று புரிந்துகொள்ள அந்த அறையில் யார் இருக்கப் போகிறார்கள்? நான் உட்கார்ந்த வழக்கில் இதுவே நடந்தது. அதற்கு மேல் அந்த வழக்கைப் பற்றி எழுதமாட்டேன்.

ஜாமீன் கட்டப் பணமில்லாதவர்கள் உள்ளேயே காத்திருக்கிறார்கள். ஜூரிக்கு ஆள் சேராவிட்டால் அவர்கள் வழக்கு தள்ளிப்போகிறது. தங்கத்துக்கு ஒரு நாள் பில்லிங். அவர்களுக்கு எத்தனை நாள்?

சேகரன், சட்டம் படிக்காதவர்கள் என்றீர்களே. எங்கள் ஊர் மத்திய நீதிமன்றத்தில்தான் இரத்தப் பரிசோதனைக் கம்பெனி தெரனோஸை நடத்திய எலிசபெத் ஹோம்ஸ் மேல் மோசடி வழக்கு நடந்தது. 2021 செப்டம்பரிலிருந்து 2022 ஜனவரி வரை. அவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்த சாதாரண ஆட்கள்தான். தீர்ப்பைப் பாருங்கள்: நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி, நான்கில் இல்லை, மூன்றில் ஒத்துப்போக முடியவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட்டிருக்கிறார்கள்.

சிங்கை_சேகரன்:
மூன்றில் முடிவே எடுக்க முடியவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். ஒரு நீதிபதி இருந்தால் பதினொன்றிலும் முடிவு சொல்லியிருப்பார்.

டெக்சாஸ்_தங்கம்:
ரவிராஜ் வழக்குக்கும் என் கவுன்டி நோட்டீஸுக்கும் என்ன சம்பந்தம்? உணர்ச்சியைக் கிளப்பி வாயடைக்கப் பார்க்கிறீர்கள். கொழும்புத்துறை அண்ணனுக்கு என் மரியாதை உண்டு. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. அப்பாவுக்கு மாதா மாதம் பணம் அனுப்புவது என் முதல் கடமை. அதற்கு நான் வேலையில் இருக்க வேண்டும். சட்டம் என்னைக் காப்பாற்றாதபோது நான் ஏன் சட்டத்துக்கு உதவ வேண்டும்? முதலில் கான்ட்ராக்டருக்குப் பாதுகாப்புக் கொடுக்கட்டும், பிறகு பதிவுத் தபாலில் கூப்பிடட்டும், வருகிறேன்.

கொழும்புத்துறை:
சம்பந்தம் விளங்காவிட்டால் விடுங்கோ தம்பி.

மதுரை_டு_சான்ஹோசே:
முதலில் பாதுகாப்பு, பிறகு கடமை என்கிறீர்கள். அந்தப் பாதுகாப்பைக் கேட்டு உங்கள் மாநிலப் பிரதிநிதிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டீர்களா? "நிரந்தர ஊழியர்" என்ற வரியை மாற்றச் சொல்லி ஒரு மனு? நீங்கள் எழுதினால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன், கலிபோர்னியாக்காரி கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை என்றால் டல்லாஸில் இருக்கும் என் தம்பியைப் போடச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதமாட்டீர்கள்.

ஜெர்சி_நாயகம்:
மனு போடுவதற்கு முன்னால் பொங்கல் கணக்கில் என்னை இழுத்ததற்கு மேடம் பதில் சொல்லட்டும். ரசீதுகள் எல்லாம் அப்போதைய பொருளாளரிடம் கொடுத்தாயிற்று.

மதுரை_டு_சான்ஹோசே:
அப்போதைய பொருளாளர் என் நாத்தனார். அவரிடம் ஒன்றும் வரவில்லை.

டெக்சாஸ்_தங்கம்:
இவர்கள் சண்டையில் என் கேள்வி போய்விட்டது. சாதாரண தபால் என்றால் சார்வு ஆனதாகக் கணக்கா இல்லையா? டெக்சாஸ் சட்டத்தில் எந்தப் பிரிவு? பிரிவு எண் கொடுங்கள்.

எழும்பூர்_வக்கீல்:
என்னைக் கேட்டால், ஆகாது.

மதுரை_டு_சான்ஹோசே:
வக்கீல் சார், உங்களுக்கு டெக்சாஸில் வாதாட உரிமம் இருக்கிறதா? தங்கம், அவர் பேச்சை நம்பி அடுத்த நோட்டீஸையும் கிழித்துப் போட்டுவிட்டு, நீதிபதி கூப்பிட்டால் அவரையே வக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு எண் வேண்டுமென்றால் அந்த நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கும். கூடையிலிருந்து எடுத்துப் படியுங்கள்.