டேஷிங் கார் ஒரு மூலையில் மட்டும் நின்னுடுது, உதவி தேவை

திருவொற்றியூர் பக்கம் ஒரு சின்னப் பொருட்காட்சியில எலக்ட்ரீஷியன் வேலை. டேஷிங் கார் எதுவா இருந்தாலும் கடல் பக்கத்து மூலைக்குப் போனதும் இழுவை குறைஞ்சு நின்னுடுது. நடுவுல தள்ளிவிட்டா மறுபடி ஓடுது.

பழைய மாடல், மொத்தம் 8 வண்டி. பேட்டரி கிடையாது. பின்னாடி நிக்கிற கம்பத்தோட நுனி மேல் வலையை உரசி கரண்ட் எடுக்கும், சக்கரம் வழியா இரும்புத் தரையில திரும்பும். 90 வோல்ட் டிசி. போன வாரம் மழைக்கு அப்புறம்தான் இந்தத் தொல்லை.

கம்பத்து நுனிகளை மாத்தியாச்சு. அந்த மூலையில வலையை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாச்சு. ஏசியை டிசியா மாத்துற ரெக்டிஃபையர்ல 90 அசையாம நிக்குது. மூலையில வண்டி இல்லாதப்போ அளந்தா அங்கேயும் 90 காட்டும். வண்டி ஓடும்போது 60ஐ ஒட்டி இறங்குது. அதே நேரம் ரெக்டிஃபையர் நெகட்டிவுக்கும் மூலைத் தகட்டுக்கும் நடுவுல 25க்கு மேல காட்டுது. அதனால கோளாறு மேல இல்ல, தரையிலதான். தகடுகளைச் சேர்க்கிற போல்ட் எல்லாம் உப்புக்காத்துல துரு, வண்டி ஏறும்போது மூட்டுல பொறி வேற.

வோல்டேஜை ஏத்திவிடுங்கறார் ஓனர். நடுவுல ஓடுற வண்டிங்க மோட்டாரைக் கருக்கிடும், நான் செய்யமாட்டேன். பொருட்காட்சி முடியாம தரையைப் பிரிக்கவும் வழியில்ல.

ரெக்டிஃபையர் நெகட்டிவ்லேர்ந்து தடிமனான செம்புக் கேபிளை நேரா அந்த மூலைத் தகட்டுக்குக் கொடுத்தா போதுமா, இல்ல ஒவ்வொரு மூட்டுக்கும் செம்புப் பட்டை போட்டே ஆகணுமா?