ஐஸ் தேடி ஐஸ் பெட்டியைக் கொட்டினால் ஆச்சா?

சல்லிக்காரன்:
நேற்று விடியக் கரைக்கு வந்த மாமாவின்ர படகை நேவி ஒண்டரை மணித்தியாலம் மறிச்சு, ஐஸ் போதைப்பொருள் தேடுறம் எண்டு, மீன் வைக்கிற ஐஸ் பெட்டியையே மணலில கொட்டிப்போட்டாங்கள். சூரை மீன் வெயில்ல கிடந்து கண் வெளுத்து, பாதி விலைதான் போச்சு. சரக்கு வாறது ஆழ்கடல்ல, பெரிய கலத்தில. அதை மறிக்க ஏலாதோ? 2018ல அமெரிக்கா எங்கட நேவிக்குக் குடுத்த கஜபாகு கப்பலின்ர முந்தின பேர் 'ஷெர்மன்'. 2007ல பனாமாவுக்கு அப்பால 'கட்டூன்' எண்ட சரக்குக் கப்பலை மறிச்சு, கொள்கலனுக்குள்ள இருந்து 15 டன்னுக்கு மேல கொக்கெயின் எடுத்த அதே கப்பல்!

கொடிக்கம்பம்:
கப்பல் அதேதான் தம்பி, கொடிதான் கதை. கட்டூன் பனாமாக் கொடி, எண்டால் பனாமாவில பதிஞ்ச கப்பல். அப்பிடி ஏறிச் சோதிக்கப் பனாமாவுக்கும் அமெரிக்காவுக்கும் முன்னமே உடன்பாடு இருந்தது. ஐ.நா. கடல் சட்டம் 110ஆம் பிரிவைப் பாரும்: கடற்கொள்ளை, அடிமை வியாபாரம், கொடியில்லாத கலம் எண்டால் கேக்காமலே ஏறலாம். போதைப்பொருள் அதில இல்லை. கொடி நாட்டிட்ட கேட்டு, ஓம் எண்டாத்தான் ஏறலாம்.

சல்லிக்காரன்:
ஓம் வாறதுக்குள்ள சரக்கு மூட்டை மிதவை கட்டிக் கடல்ல இறங்கிடும்.

கொடிக்கம்பம்:
இறங்கும்தான். ஆனா ஈரான், பாகிஸ்தான் கரையான மக்ரான் பக்கமிருந்து வாற மரக்கலங்கள் கனக்கத்துக்குக் கொடியே இல்லை. அதில ஏற ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை. அதிலயிருந்து சரக்கை மாத்திக் கரைக்குக் கொண்டாறது நாள்கணக்கில ஆழ்கடல்ல நிண்டு மீன் பிடிக்கிற எங்கட பலநாள் படகுகள்தானே? அப்ப படகைச் சோதிக்காம என்ன செய்யிறது?

மூதூர் வாத்தி:
ரெண்டு பேரும் கடல்லயே நிக்கிறியள். 5 கிராம் ஐஸுக்கே ஆயுள் இல்லாட்டி மரணம் எண்டு 2022ல சட்டம் திருத்தினாங்கள். (1976க்குப் பிறகு ஆரையும் தூக்கில போடயில்லை, அது வேற கதை.) கடைசியில உள்ள போறது கொத்துக்கடை வாசல்ல ஆறு கிராமோட நிண்ட பெடியன். கொள்கலன் ஏத்தினவன் இல்லை.

கொடிக்கம்பம்:
அதில உங்களோட வழக்கில்லை சேர். தம்பி, மாமாவின்ரது பலநாள் படகோ?

சல்லிக்காரன்:
ஒருநாள் ஃபைபர் அண்ணை. 25 குதிரை எஞ்சின்.

கொடிக்கம்பம்:
அப்ப அது ஆழ்கடலுக்கே போகாதே! அதைக் கொட்டினது வீண்வேலை, அதை ஒத்துக்கொள்ளுறன்.

சல்லிக்காரன்:
மாமாவும் அதைத்தான் சொன்னவர். அதுக்கும் அவங்கள் "பெட்டியைத் திற" எண்டாங்கள்.